பெயர் ஒருவருடையது, எண் இன்னொருவருடையது: சாட் ஸ்கிரிப்ட் காட்டும் ஐபி முகவரியை நம்பலாமா?

பீடோரில் ஒரு தமான் வீடு. இரவு 11 மணி. கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் ஓர் இளைஞர், மாமாவின் பழைய கணினியில் கிடந்த ஒரு சாட் ஸ்கிரிப்டைத் தூசி தட்டி ஓட வைத்திருக்கிறார். சாட் அறைக்குள் யார் நுழைந்தாலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய ஐபி முகவரியைக் காட்ட வேண்டும். அந்த ஸ்கிரிப்டுக்கு அது ஒன்றுதான் வேலை.

"மாமா, இங்க பாருங்க. பாதிப் பேருக்கு நம்பர் வருது. பாதிப் பேருக்கு வெறும் காலியா இருக்கு லா."

"அப்பவும் அப்படித்தான்டா. யாரு அதைப் போய் சரி பண்ணிக்கிட்டு இருந்தா?"

இந்தக் காட்சி நாம் கற்பனை செய்துகொண்டது. ஆனால் அந்தக் கோளாறு கற்பனை அல்ல. அந்த வகை ஸ்கிரிப்டுகளைத் தொட்டவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது இதில் மாட்டியிருப்பார்கள். காலியாக வருவதைக்கூட பொறுத்துக்கொள்ளலாம். சில நேரம் அது தவறான ஆளுக்குப் பக்கத்தில் சரியான எண்ணைக் காட்டும். பிரச்சனை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில், இந்த ஸ்கிரிப்ட் எங்கிருந்து வந்தது?

வாட்ஸ்அப்புக்கும் டிஸ்கார்டுக்கும் முன்னால் ஐஆர்சி இருந்தது. 1988இல் ஃபின்லாந்தின் ஒளலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினன் உருவாக்கிய குழு அரட்டை முறை அது. 1995இல் காலித் மர்தம்-பே விண்டோஸ் கணினிகளுக்காக எம்ஐஆர்சி என்ற மென்பொருளை வெளியிட்ட பிறகு, சாதாரண மக்களும் உள்ளே வந்தார்கள். மலேசியாவில் ஜேரிங், டிஎம்நெட் காலம் அது. 1515க்கு டயல் செய்து, மோடம் கீச்சிட்டு முடியும்வரை காத்திருந்து, யாராவது வீட்டு போனை எடுத்துவிட்டால் எல்லாம் அறுந்துபோன காலம். இப்போது 40ஐத் தாண்டிய அண்ணன், அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள். டால்நெட் என்ற பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள். தமிழில் பேசியவர்களும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்தார்கள். புதிதாக வருகிறவரிடம் முதல் கேள்வியே வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்பதுதான்.

எம்ஐஆர்சி-க்குள்ளேயே ஒரு சின்ன நிரல்மொழி இருந்தது. "யாராவது உள்ளே வந்தால் இதைச் செய்" என்று இரண்டு வரி எழுதினால் போதும். வணக்கம் சொல்லும் ஸ்கிரிப்ட், பாட்டுப் பெயரைக் காட்டும் ஸ்கிரிப்ட், கெட்ட வார்த்தை பேசினால் வெளியே தள்ளும் ஸ்கிரிப்ட் என்று ஆளுக்கு ஆள் எழுதினார்கள். முகவரியைக் காட்டும் ஸ்கிரிப்டும் அந்த வரிசையில் ஒன்று.

அடுத்தவர் முகவரி நமக்கு எப்படிக் கிடைக்கிறது?

இதில் ஹேக்கிங் எதுவும் இல்லை. ஐஆர்சி-யில் ஒருவர் அறைக்குள் வரும்போது, சர்வர் எல்லாருக்கும் ஒரு வரி அனுப்பும். அதில் அவருடைய புனைபெயர், ஒரு பயனர் பெயர், அவர் எங்கிருந்து இணைகிறார் என்ற முகவரி மூன்றும் சேர்ந்தே இருக்கும். அதாவது முகவரியை நாம் தேடிப் போக வேண்டியதில்லை, சர்வரே கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுகிறது.

1988இல் இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. அப்போது இணையத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்காரர்கள். முகவரி என்றால் "நான் இந்தப் பல்கலைக்கழகம்" என்று சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் மாதிரி. அதற்கு ஒரு நியாயமான பயனும் உண்டு. ஒருவர் அறையில் வந்து தொல்லை கொடுத்து, வெளியே தள்ளியதும் வேறு பெயரில் திரும்பி வந்தால், அறையைப் பார்த்துக்கொள்பவர் முகவரியை வைத்துத்தான் தடுக்க முடியும்.

ஏன் பாதிப் பேருக்குக் காலியாக வருகிறது?

நீங்கள் அறையில் இருக்கும்போது ஒருவர் வந்தால் அவர் முகவரி உங்களுக்கு வருகிறது. ஆனால் நீங்கள் நுழையும்போது ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள்? அவர்களுடைய பெயர்ப் பட்டியலை மட்டும்தான் சர்வர் வழக்கமாக அனுப்பும். முகவரி இருக்காது. ஸ்கிரிப்ட் தன் நினைவில் தேடிப் பார்க்கிறது, எதுவும் இல்லை, வெற்று இடத்தைக் காட்டுகிறது. அந்த ஆள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசினால், அந்தச் செய்தியோடு முகவரியும் வந்துவிடும். அதனால்தான் "கொஞ்ச நேரம் கழிச்சு தானாவே சரியாயிடுது" என்று பலர் நினைத்தார்கள்.

நம் இளைஞர் முதலில் செய்தது, எல்லாரும் செய்யும் தவறு. பட்டியலில் இருந்த ஒவ்வொருவரைப் பற்றியும் சர்வரிடம் தனித்தனியாக விவரம் கேட்டார். 200 பேர் இருக்கும் அறையில் 200 கேள்விகள், ஒரே மூச்சில். சர்வர் இதைத் தாக்குதல் என்று நினைத்து அவரையே வெளியே தூக்கிப் போட்டது. ஐஆர்சி-யில் இதற்குப் பெயர் 'ஃபிளட்'.

சரியான வழி எளிது. அறை முழுவதற்கும் ஒரே ஒரு கேள்வி அனுப்ப வேண்டும். 'ஹூ' என்று ஒரு கட்டளை இருக்கிறது. சர்வர் ஆளுக்கு ஒரு வரியாக, 352 என்ற எண்ணிட்டு, பதில் அனுப்பும். எல்லாம் முடிந்ததும் 315 என்ற எண்ணோடு "பட்டியல் முடிந்தது" என்று சொல்லும். அந்த 315 வரும்வரை காத்திருந்து அதன் பிறகே திரையில் காட்ட வேண்டும். கேள்வி அனுப்பிய அடுத்த வரியிலேயே பதிலை எதிர்பார்த்தால் கிடைக்காது. பதில் இன்னும் வழியில் இருக்கிறது.

அந்த விசித்திரமான பத்து இலக்க எண்

காலி இடம் சரியானது. இப்போது ஒருவருக்கு 3405803801 என்று வந்தது. இன்னொரு பழைய ஸ்கிரிப்டில் அதே ஆளுக்கு மைனஸ் 889163495.

"என்ன மாமா இது, போன் நம்பரா?"

இல்லை. இரண்டு பேர் சர்வரைத் தாண்டி நேரடியாகப் பேசவும் கோப்பு அனுப்பவும் ஐஆர்சி-யில் டிசிசி என்ற வழி உண்டு. அதில் அனுப்புபவரின் முகவரி புள்ளி வைத்த நான்கு எண்களாக வராது, ஒரே நீண்ட எண்ணாக வரும். நாம் 4523 என்பதை நாலாயிரம், ஐந்நூறு, இருபது, மூன்று என்று பத்து பத்தாகப் பிரிக்கிறோம். கணினி இங்கே 256, 256ஆகப் பிரிக்கிறது. 203.0.113.25 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். (எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரி இது, யாருடைய வீட்டுக்கும் போகாது.) 203ஐ 256ஆல் மூன்று முறை பெருக்குங்கள், 0ஐ இரண்டு முறை, 113ஐ ஒரு முறை, 25ஐ அப்படியே விடுங்கள். கூட்டினால் 3405803801. திருப்பிப் பிரித்தால் பழைய நான்கு எண்கள்.

அப்படியானால் மைனஸ்? அந்தப் பழைய ஸ்கிரிப்ட், எண்ணைக் கூட்டல், கழித்தல் குறியோடு வைக்கும் 32 பிட் பெட்டிக்குள் போட்டிருக்கிறது. அந்தப் பெட்டி 2147483647 வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் மறுபக்கம் சுற்றிக்கொண்டு வந்து மைனஸாக நிற்கும். முதல் எண் 128 அல்லது அதற்கு மேல் உள்ள எல்லா முகவரிக்கும் இதே கதிதான். மைனஸாக வந்தால் அதோடு 4294967296ஐக் கூட்டுங்கள், போதும்.

டிசிசி-யில் 192.168 என்று தொடங்கும் முகவரி வந்தால் அதற்கு வேறு காரணம். அது அந்த ஆளின் வீட்டு ரவுட்டர் உள்ளே கொடுத்த எண். பீடோரில் ஒரு வீட்டிலும் ஈப்போவில் ஒரு வீட்டிலும் லண்டனில் ஒரு வீட்டிலும் ஒரே நேரத்தில் 192.168.1.5 இருக்கலாம். "நம்ம தமான்ல மூணாவது வீடு" என்று சொல்வது மாதிரி. எந்த ஊர், எந்த தமான் என்பது அதில் இல்லை.

ஐபிவி6 வந்த பிறகு இன்னொரு தலைவலி சேர்ந்தது. பழைய ஸ்கிரிப்டுகள் முகவரியையும் போர்ட் எண்ணையும் முக்காற்புள்ளியை வைத்துப் பிரித்தன. ஐபிவி6 முகவரிக்குள்ளேயே முக்காற்புள்ளிகள் இருக்கின்றன. ஸ்கிரிப்ட் முதல் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி முகவரியைக் குப்பையில் போட்டுவிடும். பைத்தானில் எழுதினால், ஐபிவி4 இணைப்புக்கு இரண்டு தகவல் தரும் அதே கட்டளை, ஐபிவி6 இணைப்புக்கு நான்கு தரும். இரண்டுக்கு மட்டும் இடம் வைத்த நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்படி நின்றுபோவது ஒருவகையில் நல்லது, தப்பு நடந்தது உடனே தெரிகிறது.

தெரியாமல் நடக்கும் தப்பு

சில நெட்வொர்க்குகளில் எண்ணுக்குப் பதில் ஒரு பெயர் வரும். அந்தக் காலத்தில் மலேசியப் பயனர்களுக்கு டிஎம் டாட் நெட் டாட் எம்ஒய் என்று முடியும் பெயர்கள் சாதாரணம். பெயரை எண்ணாக மாற்ற டிஎன்எஸ் சேவையிடம் கேட்க வேண்டும். பதில் வர ஒரு நொடி ஆகலாம், ஐந்து நொடியும் ஆகலாம்.

மாமாவின் ஸ்கிரிப்ட் இதை எப்படிச் செய்தது? உள்ளே வந்தவரின் பெயரை ஒரு மாறியில் போட்டுக்கொண்டது. டிஎன்எஸ்ஸிடம் கேட்டது. பதில் வந்ததும், மாறியில் இருந்த பெயரையும் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டியது. தனியாக உட்கார்ந்து சோதித்தபோது ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது.

ஆனால் சனிக்கிழமை இரவு. 'அ' உள்ளே வருகிறார், மாறியில் 'அ'. டிஎன்எஸ்ஸிடம் கேள்வி போகிறது. பதில் வருவதற்குள் 'ஆ' உள்ளே வருகிறார், மாறியில் இப்போது 'ஆ'. 'அ'வுக்கான பதில் இப்போதுதான் வந்து சேர்கிறது. திரையில் 'ஆ' என்ற பெயருக்குப் பக்கத்தில் 'அ'வின் முகவரி. பிழைச் செய்தி இல்லை, சிவப்புக் கோடு இல்லை. எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கிறது. உணவகத்தில் தண்ணீர் எடுப்பவர் எல்லா மேசைக்கும் ஒரே துண்டுச் சீட்டில் எழுதி எழுதி அழித்தால், உங்கள் தே தாரிக் பக்கத்து மேசைக்குப் போகுமே, அதே கதை.

சரிசெய்வது இரண்டு வரி வேலை. பொதுவான ஒரே மாறியைத் தூக்கிவிட வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் தனி அடையாளம் கொடுத்து, பதில் வரும்போது அதே அடையாளத்தை வைத்துப் பெயரைத் தேட வேண்டும். கஷ்டம், பிழையைக் கண்டுபிடிப்பதில்தான். ஓர் ஆளை வைத்துச் சோதித்தால் இது எட்டிப் பார்க்காது. இரண்டு மூன்று போலிப் பெயர்களை ஒரே நொடியில் உள்ளே அனுப்பி, முதல் ஆளின் பதிலை வேண்டுமென்றே தாமதப்படுத்திப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பெயர்கள் இடம் மாறுவது கண்ணில் படும்.

ஒரு எண் மாறினால் அப்படி என்ன ஆகிவிடும்?

அறையில் யாரோ ஒருவர் ஒரு பெண்ணைப் பற்றிக் கேவலமாக எழுதுகிறார். ஒருவர் ஸ்கிரிப்ட் காட்டிய முகவரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து "ஆள் இவன்தான்" என்று குரூப்பில் போடுகிறார். முகவரி பக்கத்தில் இருந்த பெயர், மேலே சொன்ன பிழையால் மாறிப்போன பெயர். அடுத்த அரை மணி நேரத்தில் அந்த ஸ்கிரீன்ஷாட் எங்கெல்லாம் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

மலேசியாவில் இதற்குச் சட்டக் கோணமும் உண்டு. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு, 2012 ஜூலை 31 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு பதிவு எந்த இணையச் சேவையிலிருந்து வந்ததோ, அந்தச் சேவையின் பதிவுபெற்ற சந்தாதாரரே அதை வெளியிட்டவர் என்று அந்தப் பிரிவு முதலில் அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அவருடையது. அதை எதிர்த்து 2012 ஆகஸ்ட் 14 அன்று பல மலேசிய இணையதளங்கள் தங்கள் பக்கங்களை இருட்டாக்கி எதிர்ப்புத் தெரிவித்தன. வீட்டு வைஃபை யார் பெயரில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் அது அப்பா பெயரில் இருக்கும். சில வீடுகளில் சாட் என்றால் என்னவென்றே தெரியாத பாட்டி பெயரில்.

மறுபக்கமும் இருக்கிறது. இணையத்தில் தொல்லைக்கு ஆளானவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை நம் சமூகத்துக்கு மிக நெருக்கமானது. 2024 ஜூலையில் டிக்டாக்கில் 'ஈஷா' என்று அறியப்பட்ட ராஜேஸ்வரியின் மறைவு நாட்டையே உலுக்கியது. அவரைத் தூண்டிவிட்டுத் தொல்லை கொடுத்த குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு 100 ரிங்கிட் அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டபோது எழுந்த கோபம் பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகு தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் இணையப் பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தில் அவரை அடையாளம் காட்டும் தகவல்களைப் பரப்புவதும் அவற்றில் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆக, தொல்லை கொடுத்தவரைப் பிடிப்பதாக நினைத்து ஸ்கிரீன்ஷாட் போடுபவரே சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. புகார் கொடுக்க வேண்டுமென்றால் ஸ்கிரீன்ஷாட் போக வேண்டிய இடம் போலீஸ், குரூப் அல்ல.

ஐபி முகவரியை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

நேரடியாக முடியாது. முகவரியைப் போட்டால் வரைபடத்தில் ஊரைக் காட்டும் இணையதளங்கள் எல்லாம் ஊகம்தான் சொல்கின்றன. பீடோரில் இருப்பவருக்கு ஈப்போ என்றோ கோலாலம்பூர் என்றோ காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அந்த ஊகத்தை உண்மை என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பண்ணை வீடு சாட்சி. கான்சஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகில் இருக்கிறது அது. மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், "அமெரிக்காவில்தான் இருக்கிறது, எந்த இடம் என்று தெரியாது" என்ற முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுவில் ஒரு புள்ளியை வைத்திருந்தது. 38, மைனஸ் 97 என்று முழு எண்ணாகச் சுருக்கிய புள்ளி. அந்தப் புள்ளி இந்தப் பண்ணையின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் அதிகமான ஐபி முகவரிகள் அங்கே போய்க் குவிந்தன. பல ஆண்டுகளாக போலீஸும், ஏமாற்றப்பட்டுக் கோபமாக வந்தவர்களும் அந்த வீட்டு வாசலில் நின்றார்கள். ஏன் என்று அங்கிருந்தவர்களுக்கே தெரியாது. 2016இல் ஒரு செய்தியாளர் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, அந்த நிறுவனம் புள்ளியை ஒரு ஏரிக்குள் நகர்த்தியது.

சரியான சந்தாதாரர் யார் என்பது இணையச் சேவை நிறுவனத்துக்குத்தான் தெரியும். அவர்களுக்கும் முகவரி மட்டும் போதாது, நேரம் வேண்டும். பெரும்பாலான வீட்டு முகவரிகள் மாறிக்கொண்டே இருப்பவை. நேற்று உங்களுடையது, இன்று வேறொருவருடையது. ஸ்கிரிப்ட் நேரத்தை உலகப் பொது நேரத்தில் பதிந்து, அதை மலேசிய நேரம் என்று யாராவது படித்துவிட்டால் 8 மணி நேரம் தள்ளிப் போய்விடும், வேறொரு வீட்டில் போய் நிற்கும். கைபேசி இணைப்புகளில் பல பேர் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதும் சகஜம். அங்கே போர்ட் எண்ணும் தேவை. சர்வர்கள் போர்ட் எண்ணையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று இணையத் தரநிலைக் குழு 2011லேயே பரிந்துரைத்துவிட்டது. நம் ஸ்கிரிப்ட் போர்ட் எண்ணைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது.

இப்போதைய செயலிகளில் நிலைமை என்ன?

ஐஆர்சி நெட்வொர்க்குகள் பலவும் உண்மையான முகவரியை மறைக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. அண்டர்நெட்டில் பதிவுபெற்ற பயனர் விரும்பினால் முகவரிக்குப் பதில் அவர் கணக்குப் பெயர் தெரியும். 2021இல் தொடங்கிய லிபெரா சாட்டிலும் அப்படி ஒரு திரை உண்டு. ஸ்கிரிப்ட் அங்கே போய் டிஎன்எஸ்ஸிடம் கேட்டால் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று பதில் வரும். அது பிழை அல்ல, சரிசெய்யவும் வேண்டாம்.

ஸ்கைப் நீண்ட காலம் இந்த விஷயத்தில் மோசமாக இருந்தது. பயனர் பெயரைப் போட்டால் ஐபி முகவரியைக் காட்டும் இணையதளங்களே இருந்தன. விளையாட்டு வீடியோ ஒளிபரப்பாளர்கள் பலர் இதனால் தாக்குதலுக்கு ஆளானார்கள். 2016 ஜனவரியில்தான் ஸ்கைப் முகவரியை இயல்பாகவே மறைக்கத் தொடங்கியது.

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் எழுத்துச் செய்தி சர்வர் வழியாகப் போகிறது, எதிரில் இருப்பவருக்கு முகவரி தெரியாது. அழைப்பு வேறு. இருவர் பேசும்போது தெளிவுக்காக இரண்டு கைபேசிகளும் நேரடியாக இணையலாம், அப்போது முகவரி பரிமாறப்படும். அதைத் தடுக்க 2023 நவம்பரில் ஒரு வசதி வந்தது. அமைப்புகளில் தனியுரிமை, அதற்குள் கூடுதல் அமைப்பு, அங்கே அழைப்புகளில் ஐபி முகவரியைப் பாதுகாக்கும் பொத்தான். போட்டால் குரல் தரம் கொஞ்சம் குறையலாம். முகம் தெரியாதவர்களோடு பேசுகிறவர்கள் போட்டுவைப்பது நல்லது. டெலிகிராமிலும் நேரடி அழைப்பு யாருக்கு என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது.

பீடோர் வீட்டில் மணி 1 ஆகிவிட்டது. இளைஞர் மூன்று போலிப் பெயர்களை ஒரே நொடியில் உள்ளே அனுப்புகிறார். முதல் ஆளுக்கு மட்டும் ஐந்து நொடி தாமதம். மூன்று பெயர், மூன்று எண், எல்லாம் அதனதன் இடத்தில். நேரத்துக்குப் பக்கத்தில் "+8" என்றும் சேர்த்துவிட்டார். முகவரி, அறையை நடத்துபவரின் திரையில் மட்டும் வரும்படி மாற்றியாயிற்று.

"மாமா, பழைய லாக் ஃபைல் ஒரு ஃபோல்டர் நிறைய கிடக்கு. 1999, 2000ன்னு போட்டிருக்கு. பேரு, நம்பர் எல்லாம் இருக்கு."

"அதுல எது யாரோடதுன்னு இப்ப சொல்ல முடியுமா?"

"முடியாது மாமா. அப்ப இந்த பிழை இருந்துச்சே."

"அப்படின்னா அழிச்சிடு. போய்ப் படு, காலையில பசியாறப் போகணும்."